காற்று அமுங்கும், தண்ணீர் அடம்பிடிக்கும்: அழுத்தமும் அடர்த்தியும்

ஊசி இல்லாத ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். 20 மில்லி அளவுள்ளதாக இருந்தால் வசதி. தண்டைப் பின்னால் இழுத்துக் காற்றை நிரப்பி, நுனித் துளையைக் கட்டைவிரலால் இறுக்க அடைத்துவிட்டு அழுத்திப் பாருங்கள். 20-இல் இருந்த தண்டு 15-க்கு வரும், 12-க்கு வரும், கை பலம் இருந்தால் 10 வரைகூட இறங்கும். கையை எடுத்தால் திரும்ப மேலே ஏறிவிடும். இப்போது அதே சிரிஞ்சில் ஒரு குமிழ்கூட இல்லாமல் தண்ணீரை நிரப்பி அதே மாதிரி அழுத்துங்கள். விரல் வலிக்கும், ஓரத்தில் ஒரு துளி கசியலாம், தண்டு மட்டும் நகராது.

இரண்டு முறையும் உள்ளே இருந்த பொருள் வெளியே போகவில்லை. காற்று அடைபட்டிருந்த இடம் மட்டும் பாதியானது. அதே அளவு பொருள் பாதி இடத்தில் இருந்தால் அதன் அடர்த்தி இரண்டு மடங்கு. தண்ணீருக்கு அப்படி எதுவும் நடந்த மாதிரித் தெரியவில்லை. 'தெரியவில்லை' என்றுதான் சொல்கிறேன், நடக்கவில்லை என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசத்துக்குப் பின்னால் வருவோம்.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடலாம். ஒரு கன மீட்டர் இடத்தில் எத்தனை கிலோ பொருள் அடங்கியிருக்கிறது என்பதுதான் அடர்த்தி. தண்ணீருக்கு அது ஏறத்தாழ 1000 கிலோ. கடல் மட்டத்தில் 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்றுக்குச் சுமார் 1.2 கிலோ. காற்றுக்கெல்லாம் என்ன எடை இருந்துவிடப் போகிறது என்று தோன்றினால், 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையைக் கணக்கிட்டுப் பாருங்கள். அதற்குள் இருக்கும் காற்று மட்டும் 43 கிலோ. அழுத்தம் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் விசையை அந்தப் பரப்பளவால் வகுத்தால் வருவது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 1,01,325 பாஸ்கல், அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையை வைத்த மாதிரி. இதை 'ஒரு வளிமண்டல அழுத்தம்' என்று இனி சொல்லிக்கொள்வோம்.

காற்று இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பதற்குக் காரணம், அதில் பெரும்பகுதி வெற்றிடம். சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் உள்ள சராசரி இடைவெளி, மூலக்கூறின் அகலத்தைப்போலக் கிட்டத்தட்ட 10 மடங்கு. நீளம், அகலம், உயரம் மூன்று பக்கமும் அந்த இடைவெளி இருப்பதால், மூலக்கூறுகள் அடைத்துக்கொள்ளும் இடம் மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். மீதியெல்லாம் சும்மா கிடக்கும் இடம். திரவத்தில் அப்படி இல்லை. நிற்கவே இடமில்லாத பேருந்தில் ஆட்கள் நெருக்கியடித்து நிற்பதுபோல மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன. அதற்கு மேல் நெருக்கினால் அவற்றின் எலக்ட்ரான் மேகங்கள் ஒன்றையொன்று தள்ளும், அந்தத் தள்ளுதல் மிகக் கடுமையானது. சிரிஞ்சில் நம் விரலை வலிக்கவைத்தது அதுதான்.

வாயு: எத்தனை மடங்கு என்பதுதான் பேச்சு

வாயுவின் நடத்தையை முதலில் எண்ணாக எழுதி வைத்தவர் ராபர்ட் பாயில், ஆண்டு 1662. அவர் பயன்படுத்தியது ஜே எழுத்து வடிவில் வளைந்த ஒரு கண்ணாடிக் குழாய். குட்டைப் பக்கத்தின் முனை மூடியிருக்கும், நெட்டைப் பக்கம் திறந்திருக்கும். திறந்த பக்கம் வழியாகப் பாதரசத்தை ஊற்றினால், மூடிய பக்கத்தில் கொஞ்சம் காற்று மாட்டிக்கொள்ளும். மேலும் மேலும் ஊற்ற, அந்தக் காற்று குறுகிக்கொண்டே போகும். இரண்டு பக்கத்துப் பாதரச மட்டத்துக்கும் வித்தியாசம் சுமார் 29 அங்குலம் ஆனபோது, காற்று பாதி இடத்துக்கு வந்திருந்தது. 29 அங்குலம் தற்செயலான எண் அல்ல. வளிமண்டலம் தாங்கி நிறுத்தும் பாதரசத்தின் உயரமும் ஏறத்தாழ அதுதான். அதாவது, ஏற்கெனவே இருந்த ஒரு வளிமண்டல அழுத்தத்தோடு இன்னொன்று சேர்ந்து, அழுத்தம் இரண்டு மடங்கானபோது கன அளவு பாதியானது, அடர்த்தி இரண்டு மடங்கானது. பள்ளியில் படிக்கும் பாயில் விதி இதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் 'மடங்கு' என்ற சொல். வாயுவுக்கு அழுத்தம் எவ்வளவு கூடியது என்பது பொருட்டல்ல, எத்தனை மடங்கு கூடியது என்பதுதான் பொருட்டு. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனாலும் அடர்த்தி இரட்டிப்பாகும், 50-இலிருந்து 100-க்குப் போனாலும் இரட்டிப்பாகும்.

இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாவது கடலுக்கடியில். தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேலே 6 லிட்டர் காற்று உள்ள ஒரு பலூனைக் கீழே கொண்டுபோனால் 10 மீட்டரில் அது 3 லிட்டர், 20 மீட்டரில் 2 லிட்டர், 30 மீட்டரில் 1.5 லிட்டர், 40 மீட்டரில் 1.2 லிட்டர். மிகப் பெரிய மாற்றம் நடப்பது முதல் 10 மீட்டரில்தான். ஆழத்தில்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். ஆனால் சிலிண்டரிலிருந்து மூச்சு எடுத்தவர் அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்குள் நுரையீரலில் உள்ள காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். ஸ்கூபா பயிற்சியில் சொல்லித்தரும் முதல் விதியே, எந்த நிலையிலும் மூச்சை அடக்காதே என்பதுதான்.

கீழே இருக்கும்போது இன்னொரு தொல்லை. 40 மீட்டரில் அழுத்தம் 5 மடங்கு, ஆகவே உள்ளே இழுக்கும் காற்றும் 5 மடங்கு அடர்த்தி. குழாய் வழியாகவும் மூச்சுக்குழல் வழியாகவும் அதைத் தள்ளுவதே ஒரு வேலையாகிவிடும். ஆழமான முக்குளிப்புகளில் லேசான ஹீலியத்தைக் கலப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முதுகில் இருக்கும் சிலிண்டரையும் பாருங்கள். 12 லிட்டர் கொள்ளளவு, 200 மடங்கு அழுத்தம் என்றால் அதற்குள் இருப்பது மேலே 2400 லிட்டர் இடத்தைப் பிடிக்கக்கூடிய காற்று, எடை கிட்டத்தட்ட 3 கிலோ. மூச்சிழுக்க இழுக்க அந்த 3 கிலோ குறைந்துகொண்டே வருவதால், அலுமினிய சிலிண்டர்கள் முக்குளிப்பின் முடிவில் தண்ணீரில் மிதக்கவே ஆரம்பித்துவிடும். அதற்கும் சேர்த்துத்தான் இடுப்பில் ஈயக் கட்டிகளைக் கட்டிக்கொள்கிறார்கள்.

சூடு வந்து கணக்கைக் குழப்பும்

பாயில் விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு: வெப்பநிலை மாறக் கூடாது. பிரான்சில் இதே விதியைத் தனியாகக் கண்ட எட்மே மரியாட் இந்த நிபந்தனையை வலியுறுத்திச் சொன்னார். நடைமுறையில் இது அடிக்கடி மீறப்படுகிறது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பகுதி சுடுவது எல்லோருக்கும் தெரியும். உராய்வும் கொஞ்சம் காரணம்தான், ஆனால் முக்கியக் காரணம், காற்றை அமுக்க நாம் செலவிடும் ஆற்றல் அந்தக் காற்றுக்குள்ளேயே வெப்பமாகப் போய்ச் சேர்வது.

சூடான வாயு விரியப் பார்க்கும். ஆகவே வெப்பம் வெளியேற நேரம் கொடுக்காமல் சட்டென்று அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் அடர்த்தி இரண்டு மடங்காகாது, சுமார் 1.64 மடங்குதான் ஆகும். 20 டிகிரியில் இருந்த காற்று அந்தக் கணத்தில் 84 டிகிரி வரை சூடாகியிருக்கும். பிறகு அழுத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஆறவிட்டால், மெல்ல மெல்ல அடர்த்தி 2 மடங்குக்கு வந்து சேரும். டீசல் எஞ்சின் இந்தச் சூட்டை வைத்துத்தான் ஓடுகிறது. பிஸ்டன் காற்றை அதன் இடத்தில் பதினாறில் ஒரு பங்கு, சில எஞ்சின்களில் அதைவிடவும் குறைவான இடத்துக்குள் அமுக்குகிறது. காற்று 500 டிகிரியைத் தாண்டிவிட, பீய்ச்சியடிக்கும் டீசல் ஸ்பார்க் பிளக் இல்லாமலே பற்றிக்கொள்கிறது.

மேலே போகும்போதும் இதே போட்டி நடக்கிறது. எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் அடர்த்தியும் மூன்றில் ஒரு பங்காக, 33 சதவீதமாக இருக்க வேண்டும் அல்லவா? ஆனால் அது 40 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அங்கே கடுங்குளிர். குளிர்ந்த காற்று சற்று நெருங்கி நிற்பதால் அழுத்தம் குறைந்த அளவுக்கு அடர்த்தி குறையவில்லை. மலையேறுபவருக்கு அது பெரிய ஆறுதல் இல்லை. உடலுக்குள் ஆக்சிஜனைத் தள்ளுவது அதன் அழுத்தம்தான்.

வளிமண்டலமே இப்படித் தன் எடையால் தன்னை அமுக்கிக்கொண்டிருக்கும் ஒரு வாயுக் குவியல். அடியில் இருக்கும் காற்று மேலே உள்ள எல்லாவற்றையும் சுமக்கிறது, அதனால் அடர்த்தியாக இருக்கிறது. 5.5 கிலோமீட்டர் உயரத்திலேயே அழுத்தம் பாதியாகிவிடுகிறது. காற்றும் தண்ணீர்போல அமுங்காத பொருளாக இருந்திருந்தால் என்ன ஆகும் என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம். கீழிருந்து மேல்வரை ஒரே அடர்த்தி, ஒரு கன மீட்டருக்கு 1.2 கிலோவை ஒட்டி என்று வைத்துக்கொண்டால், இன்றைய அழுத்தத்தைத் தரத் தேவையான காற்றின் உயரம் 8.4 கிலோமீட்டர். அதோடு வளிமண்டலம் கடல்போல ஒரு மேற்பரப்புடன் முடிந்துவிடும். 8,849 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்டின் உச்சி அதற்கு வெளியே துருத்திக்கொண்டு வெற்றிடத்தில் நிற்கும்.

அழுத்திக்கொண்டே போனால்?

பாயில் விதி எதுவரை தாங்கும்? காற்றை 1000 மடங்கு அழுத்தினால், விதிப்படி அதன் அடர்த்தி 1200 கிலோவைத் தாண்டி, தண்ணீரைவிட அதிகமாக வேண்டும். நிஜத்தில் அதில் பாதிதான் வரும். சும்மா கிடந்த இடமெல்லாம் தீர்ந்து, மூலக்கூறுகளின் சொந்தப் பருமன் கணக்கில் சேரத் தொடங்கிவிடுகிறது. அந்த நிலையில் வாயுவும் திரவத்தைப்போல முரண்டு பிடிக்கும். நெதர்லாந்து இயற்பியலாளர் வான் டெர் வால்ஸ் 1873-இல் இந்தச் சொந்தப் பருமனையும் மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பையும் சேர்த்துச் சமன்பாட்டைத் திருத்தினார்.

சில வாயுக்கள் அந்த அளவுக்குக்கூடக் காத்திருப்பதில்லை. ஒளி ஊடுருவும் சிகரெட் லைட்டரைச் சாய்த்துப் பார்த்தால் உள்ளே திரவம் ததும்புவது தெரியும். அது பியூட்டேன். அறை வெப்பநிலையில் வளிமண்டல அழுத்தத்தில் அது வாயு, ஏறத்தாழ 2 மடங்கு அழுத்தத்தில் திரவம். அந்தச் சின்னப் புட்டிக்குள் மேலே வாயுவும் கீழே திரவமும் ஒரே அழுத்தத்தில் இருக்கின்றன, ஆனால் திரவத்தின் அடர்த்தி வாயுவைவிட நூறு மடங்குக்கு மேல். இங்கே அடர்த்தி படிப்படியாக ஏறவில்லை, ஒரே தாவலில் போய்விட்டது. சமையல் எரிவாயு சிலிண்டரிலும் இதே கதைதான்.

அந்த சிலிண்டரைத் திரவத்தால் விளிம்புவரை நிரப்ப மாட்டார்கள், ஏறத்தாழ 80 முதல் 85 சதவீதத்தோடு நிறுத்திவிடுவார்கள். வெயிலில் திரவம் விரியும். மேலே வாயு இருந்தால் அது அமுங்கி இடம் கொடுக்கும். வாயுவே இல்லாமல் திரவம் மட்டும் இருந்தால் விட்டுக்கொடுக்க ஆளில்லை, அழுத்தம் தறிகெட்டு ஏறும்.

ஆனால் மீத்தேனை அறை வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக்க முடியாது. மைனஸ் 82 டிகிரிக்குக் கீழே குளிர்வித்தால்தான் அது திரவமாகச் சம்மதிக்கும். வண்டிகளில் நிரப்பும் சிஎன்ஜி (அமுக்கிய இயற்கை எரிவாயு, பெரும்பகுதி மீத்தேன்) 200 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்திலும் வாயுவாகவே இருப்பதும், அதன் சிலிண்டர் அவ்வளவு தடிமனாக இருப்பதும் இதனால்தான்.

தண்ணீர் அமுங்குமா, அமுங்காதா?

சரி, தண்ணீருக்கு வருவோம். 17-ஆம் நூற்றாண்டில் ஃப்ளோரன்ஸ் நகரத்து அறிவியல் கழகத்தார் ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளியால் ஆன ஒரு கோளத்தில் தண்ணீரை முழுக்க நிரப்பி மூடி, சுத்தியலால் அடித்தார்கள். கெட்டிக்காரத்தனமான யோசனை. ஒரே அளவு மேற்பரப்பை வைத்துக்கொண்டு அதிகபட்ச இடத்தைத் தரும் வடிவம் கோளம்தான், ஆகவே அதை எங்கே நசுக்கினாலும் உள்ளிருக்கும் இடம் குறைந்தே தீரும். தண்ணீர் அமுங்குகிறதா என்று பார்க்க இதைவிட நேரடியான வழி கிடையாது. நடந்தது என்னவென்றால், தண்ணீர் உலோகத்தின் நுண்துளைகள் வழியாக வியர்வைபோலக் கசிந்து வெளியே வந்தது. தண்ணீரை அமுக்கவே முடியாது என்பதற்குச் சான்றாகவே பலரும் இதை எடுத்துக்கொண்டார்கள்.

1762-இல் இங்கிலாந்தில் ஜான் கான்டன் அதை மறுத்துக் காட்டினார். அவர் சுத்தியலைத் தொடவில்லை. மிக மெல்லிய குழாய் பொருத்திய கண்ணாடிக் குமிழில் தண்ணீரை நிரப்பி, அதன் மேலிருந்த காற்றழுத்தத்தை நீக்கினார். குழாயில் தண்ணீர் மட்டம் இம்மியளவு உயர்ந்தது. அதாவது அதுவரை காற்று அந்தத் தண்ணீரை அமுக்கித்தான் வைத்திருந்தது. இதற்காக 1764-இல் ராயல் சொசைட்டி அவருக்கு காப்ளி பதக்கம் கொடுத்தது.

எவ்வளவு அமுங்கும்? அழுத்தம் ஒரு வளிமண்டலம் கூடினால், தண்ணீரின் கன அளவு 10 லட்சத்தில் சுமார் 46 பங்கு குறையும். ஒரு லிட்டரில் இது ஏறத்தாழ ஒரே ஒரு துளி. நம் 20 மில்லி சிரிஞ்சில் ஒரு துளியில் ஐம்பதில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை. அடர்த்தியை ஒரு சதவீதம் கூட்ட வேண்டுமானால் 220 வளிமண்டல அழுத்தம் வேண்டும். பாடப்புத்தகத்தில் பருமக் குணகம் என்று வரும் எண் இந்த முரண்டின் அளவுதான்: தண்ணீருக்கு 220 கோடி பாஸ்கல். பாதரசத்துக்கு அது இன்னும் பத்து மடங்குக்கு மேல். எத்தனாலுக்குத் தண்ணீரில் பாதியளவு.

வாயுவோடு ஒப்பிட்டால் இங்கே கணக்கு தலைகீழ். திரவத்துக்கு அழுத்தம் எத்தனை மடங்கு என்பது முக்கியமில்லை. ஒன்றிலிருந்து இரண்டு, அதாவது இரண்டு மடங்கு என்பது ஒன்றுமே இல்லை. மொத்தம் எத்தனை பாஸ்கல் கூடியது என்று பார்த்து அதைப் பருமக் குணகத்தால் வகுக்க வேண்டும். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்பது என் எண்ணம்.

இந்தத் துளித்துளி அமுங்கலும் கடல் அளவுக்குப் போனால் பெரிதாகிவிடும். மரியானா அகழியில் சேலஞ்சர் மடு சுமார் 10,900 மீட்டர் ஆழம், அழுத்தம் ஆயிரம் மடங்குக்கு மேல். அங்கே கடல்நீரின் அடர்த்தி மேற்பரப்பில் உள்ளதைவிடச் சுமார் 5 சதவீதம் கூடுதல்: மேலே 1025, அடியில் 1070-ஐச் சற்றுத் தாண்டும். தண்ணீர் கொஞ்சமும் அமுங்காத பொருளாக இருந்திருந்தால் உலகம் முழுக்கக் கடல் மட்டம் இன்று இருப்பதைவிட 30 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கும். கடற்கரை நகரங்கள் பலவற்றுக்கு இந்தத் துளிகள்தான் காவல்.

இதையொட்டி ஒரு பழைய நம்பிக்கை உண்டு. ஆழம் போகப் போகத் தண்ணீர் இறுகிக்கொண்டே போவதால், மூழ்கும் கப்பல்கள் தரையைத் தொடாமல் நடுவிலேயே எங்கோ மிதந்துகொண்டிருக்கும் என்று கப்பலோட்டிகள் சிலர் நம்பினார்கள். அந்த 5 சதவீதத்தை வைத்தே இதற்குப் பதில் சொல்லிவிடலாம். இரும்பின் அடர்த்தி 7,800-ஐ ஒட்டியது. 1070-இல் அது மிதக்க வழியே இல்லை. கப்பலை மிதக்கவைத்தது அதற்குள் இருந்த காற்று, அது போனபின் கப்பல் தரையில்தான்.

திரவம் அமுங்காமல் இருப்பதை நம்பித்தான் ஹைட்ராலிக் பிரேக் இயங்குகிறது. பெடலை மிதித்தால் அந்த அழுத்தம் பிரேக் ஆயில் வழியாக அப்படியே சக்கரத்துக்குப் போகும். குழாய்க்குள் காற்றுக் குமிழ் புகுந்துவிட்டால் பெடல் பஞ்சுபோல அமுங்கும், வண்டி நிற்காது. மிதித்ததெல்லாம் குமிழை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். மெக்கானிக் 'ஏர் எடுக்கணும்' என்று சொல்லி நிப்பிளைத் திறந்து, குமிழெல்லாம் போகும்வரை ஆயிலை வெளியேற்றுவது இதனால்தான். தொழிற்சாலைகளில் புதிய கொதிகலன்களையும் அழுத்தக் கலன்களையும் தண்ணீர் நிரப்பிச் சோதிப்பதற்கும் இதே காரணம். சோதனையின்போது கலனில் விரிசல் விட்டால், அமுங்கிய காற்று குண்டுபோல வெடிக்கும். தண்ணீர் என்றால் கொஞ்சம் வழிந்து, அழுத்தம் உடனே இறங்கிவிடும்.

அப்புறம், வாயு எப்போதும் அமுங்கும், திரவம் எப்போதும் அமுங்காது என்று வைத்துக்கொண்டாலும் சிக்கல் வரும். மின்விசிறிக் காற்றையோ சாலையில் போகும் காரைச் சுற்றி ஓடும் காற்றையோ கணக்கிடும் பொறியாளர்கள் காற்றை அமுங்காத பொருளாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஒலியின் வேகத்தில் 30 சதவீதம்வரை, அதாவது மணிக்கு சுமார் 370 கிலோமீட்டர்வரை, அடர்த்தி மாற்றம் 5 சதவீதத்தைத் தாண்டாது.

தண்ணீரின் அமுங்கல் காதில் கேட்கும் இடமும் உண்டு. வேகமாக ஓடும் குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் 'டம்' என்று ஓர் இடி கேட்கும். ஓடிவந்த தண்ணீர் நிற்க வேறு வழியில்லாமல் தன்னையே அமுக்கிக்கொள்கிறது, அந்த அமுங்கல் ஓர் அலையாகக் குழாயின் வழியே, தண்ணீரில் ஒலி போகும் வேகத்தை ஒட்டிய வேகத்தில் திரும்பி ஓடுகிறது. நொடிக்கு 2 மீட்டர் ஓட்டத்தை ஒரேயடியாக நிறுத்தினால் எழும் அழுத்தம் கிட்டத்தட்ட 30 வளிமண்டலம். தண்ணீரும் குழாயும் துளிகூட விட்டுக்கொடுக்காதவையாக இருந்தால் அதற்கு எல்லையே இருந்திருக்காது. இதற்குப் பழைய கட்டடங்களில் ஒரு எளிய வைத்தியம்: வால்வுக்குப் பக்கத்தில், மேல்முனை மூடிய ஒரு குட்டைக் குழாயைச் செங்குத்தாக வைத்து அதில் காற்றைச் சிறைவைப்பது. இடி வரும்போது அந்தக் காற்று அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால் அதே அழுத்தத்தில் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்து தீர்ந்துபோகும், சத்தம் திரும்ப வந்துவிடும். அப்படி வந்தால் பிளம்பரைக் கூப்பிடுவதற்கு முன், மெயின் வால்வை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து தண்ணீரை ஒட்ட வடியவிட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். குட்டைக் குழாயில் புதுக் காற்று ஏறியிருக்கும்.